வீட்டு சர்வருக்குப் பழைய டெஸ்க்டாப் போதுமா, மினி பிசி வாங்கலாமா?

கேள்வி

வணக்கம். வீட்டில் நாலு பேருடைய போன் படங்கள், வீடியோக்கள், ஸ்கேன் செய்த ஆவணங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1.5 டெராபைட் ஆகிவிட்டது. இப்போது மூன்று கிளவுட் கணக்குகளில் சிதறிக் கிடக்கிறது, எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரிவதில்லை. எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு சர்வரில் கொண்டுவந்து வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். படங்களுக்கு இம்மிச், ஃபைல்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், வீடியோ பார்க்க ஜெல்லிஃபின்.

கையில் பத்து வருடப் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது: 4 கோர் ஐ5, 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு. இதையே பயன்படுத்தலாமா, இல்லை இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி வாங்கி யுஎஸ்பியில் டிஸ்க் மாட்டிக்கொள்ளலாமா? 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி ரெய்ட் 1 (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கிலும் எழுதுகிற மிரர் முறை) போட்டுவிட்டால் பேக்கப் கவலை தீர்ந்த மாதிரிதானே? லினக்ஸ் ஓரளவு தெரியும், டெர்மினல் பயமில்லை. ஆனால் வாரா வாரம் உட்கார்ந்து இதைச் சரிசெய்துகொண்டிருக்க நேரம் கிடையாது.

பதில் 1

பழைய டெஸ்க்டாப்பிலேயே ஆரம்பியுங்கள். நாலு பேர் பயன்படுத்த 4 கோரும் 16 ஜிபியும் தாராளம். இம்மிச் முதல் தடவை எல்லாப் படங்களிலும் முகம் தேடும்போது மட்டும் சில நாள் மூச்சு வாங்கும், அது முடிந்ததும் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும்.

முதல் வேலையாக அந்த கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றுங்கள். 24 மணி நேரமும் ஓடுகிற மெஷினில் சும்மா இருக்கும்போது இழுக்கிற மின்சாரம்தான் கணக்கு. 60 வாட் இழுத்தால் வருடத்துக்கு 525 யூனிட், 10 வாட் என்றால் 88 யூனிட்தான். என்100 அந்தப் பத்து வாட் பக்கம் வரும், அதை மறுக்கவில்லை. பிளக்கில் மாட்டுகிற வாட் மீட்டர் ஒன்று வாங்கி, கார்டோடு ஒரு தடவை, கார்டு இல்லாமல் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என்100 நிஜமாகவே ஜெயிக்கிற இடம் வீடியோ. 10 பிட் ஹெச்இவிசி, ஏவி1 என்ற வீடியோ ஃபார்மட் இரண்டையும் அதன் உள் கிராஃபிக்ஸே பிரித்துவிடும். பத்து வருடப் பழைய சிப்பால் அது முடியாது, மொத்த பாரமும் பிராசஸர் மேல் விழும். ஆனால் டிவியே அந்த ஃபார்மட்டை நேரடியாக ஓட்டிவிடும் என்றால் சர்வர் ஃபைலை அனுப்பிவைத்தால் போதும், அந்த வித்தியாசமும் இல்லை.

யுஎஸ்பி டிஸ்க் மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். பேக்கப் எடுக்க யுஎஸ்பி சரி. இரண்டு டிஸ்கை யுஎஸ்பி பெட்டியில் போட்டு மிரர் செய்தால், பாரம் ஏறும் நேரம் பார்த்து இணைப்பு ஒரு நொடி விட்டுப்போகும், திரும்ப வரும்போது டிஸ்கின் பெயரே மாறியிருக்கும். நான் அப்படி எட்டு மாதம் ஓட்டினேன், அதில் மூன்று தடவை ராத்திரியில் மிரர் உடைந்தது. உங்கள் டெஸ்க்டாப்பில் டிஸ்கை நேரடியாக மாட்டுகிற சாட்டா போர்ட் இருக்கிறதே, அந்த ஒன்றுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

பதில் 2

டிஸ்க் வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் கேளுங்கள். ரெய்ட் 1 பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் மெஷின் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான் அது தருவது. தவறுதலாக ஒரு ஆல்பத்தை அழித்தால் அதே நொடியில் இரண்டு டிஸ்கிலும் அழியும். மின்னழுத்தம் ஏறிப் பவர் சப்ளை போனால் இரண்டும் சேர்ந்தே போகலாம். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று எல்லோரும் சொல்வதைத் தயவுசெய்து நிஜமாகவே செய்யுங்கள். இரண்டு டிஸ்க்தான் வாங்க முடியும் என்றால் மிரரை விட்டுவிட்டு, ஒன்றை சர்வரில் வையுங்கள், இன்னொன்றில் பேக்கப் எடுத்து உறவினர் வீட்டில் வையுங்கள். மிரர் அப்புறம் வரட்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடம் தினமும் ராத்திரி டாக்கர் (இந்த ஆப்களைத் தனித்தனிக் கண்டெய்னராக ஓட்டுகிற மென்பொருள்) ஃபோல்டர் முழுவதையும் இன்னொரு டிஸ்குக்கு நகலெடுத்தேன். ஒரு நாள் எஸ்எஸ்டி போனது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று புது எஸ்எஸ்டியில் போட்டால் இம்மிச்சின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் எழும்பவே இல்லை. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஃபோல்டரை நகலெடுத்திருக்கிறேன், பாதி ஃபைல் ஒரு நொடியிலும் மீதி வேறொரு நொடியிலும் எழுதப்பட்டவை. படங்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் ஆல்பங்கள், தாத்தா பாட்டி முகங்களுக்கு அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிய பெயர்கள் எல்லாம் போய்விட்டன. அம்மாவிடம் போய் அதைச் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

அதனால் பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ் டேட்டா முழுவதையும் தனி ஃபைலாக எழுதித் தருவது) எடுங்கள். இம்மிச் தானாகவே ஒரு டேட்டாபேஸ் டம்ப் போட்டு வைக்கும், அந்த ஃபோல்டரும் பேக்கப்பில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நெக்ஸ்ட்கிளவுடுக்கு அதை மெயின்டனன்ஸ் நிலைக்கு மாற்றிவிட்டு நீங்களே டம்ப் எடுக்க வேண்டும். பிறகு ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் மென்பொருள், எது பழகுகிறதோ அது. ரெஸ்டிக் எப்போதும் குறியாக்கம் செய்துதான் வைக்கும், போர்கில் அதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், அதனால் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி சர்வருக்கு வெளியே வையுங்கள். அது தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்த மாதிரிதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு லேப்டாப்பில் அந்த பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். டேட்டாபேஸ் எழும்புகிறதா, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட பத்துப் படம் திறக்கிறதா. ஒரு மணி நேர வேலை. மற்ற எதற்கு நேரம் இல்லாவிட்டாலும் இதற்கு ஒதுக்குங்கள்.

பதில் 3

டிஸ்க் பற்றி. வாங்கும்போது சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத வகை) என்று உறுதிசெய்து வாங்குங்கள். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒரு இடத்தைத் திருத்தி எழுதப் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். வீடியோ போட்டு வைக்க அது பரவாயில்லை. மிரரில் ஒரு டிஸ்கை மாற்றி மறுபடி கட்டும்போதுதான் மணிக்கணக்கு நாள்கணக்கு ஆகும். பெட்டியில் எழுதியிருக்காது, தயாரிப்பாளரின் விவரத்தாளில் மாடல் எண்ணைப் போட்டுத் தேட வேண்டும்.

புது டிஸ்க் என்று நம்பி உடனே டேட்டா ஏற்றாதீர்கள். முதலில் டிஸ்க் தன்னைத்தானே முழுவதும் சோதிக்கிற ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஓட்டுங்கள். பிறகு மாதம் ஒரு தடவை ஸ்மார்ட் எண்களில் 5, 197, 198 (கெட்டுப்போன இடங்களை எண்ணுபவை) மூன்றையும் பாருங்கள். பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று இரண்டு வந்து அப்படியே நின்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஏறிக்கொண்டே போனால் மாற்றிவிடுங்கள். 199 ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் மேல் தப்பில்லை, கேபிள்தான். போன வருடம் எனக்கு 199 நாற்பது, ஐம்பது என்று ஏறியது. டிஸ்க் போய்விட்டது என்று புதிதே வாங்கிவிட்டேன், திறந்து பார்த்தால் சாட்டா கேபிள் கேஸின் மூடியில் அழுந்தி மடங்கி, பிளக் ஒரு பக்கம் லேசாக எழும்பி நிற்கிறது. கேபிளை மாற்றினேன், எண் அதற்குப் பிறகு நகரவே இல்லை.

இன்னொன்று: ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தையும் காகிதத்தில் எழுதி, கேஸைத் திறந்தவுடன் தெரிகிற பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். டிஸ்க் போன அன்று பதற்றத்தில் நல்ல டிஸ்கைக் கழற்றிவிடுவது சகஜமாக நடக்கிறது.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ரெய்ட் பற்றித் தப்பாக நினைத்திருக்கிறேன், பதில் 2 படித்த பிறகு மிரர் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டேன். இரண்டு சந்தேகம் பாக்கி. அப்டேட்களை எப்படிக் கையாள்வது? வெளியூரில் இருக்கும்போது படங்களைப் பார்க்க ரௌட்டரில் போர்ட் திறக்க வேண்டுமா?

பதில் 1

போர்ட் திறக்காதீர்கள். திறந்த சில நிமிடத்திலேயே யாராவது வந்து தட்டிப் பார்ப்பார்கள், லாக்கில் நீங்களே பார்க்கலாம். வயர்கார்ட் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர ஒரு விபிஎன்) போடுங்கள், 2020இல் 5.6 பதிப்பிலேயே லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்டது. அதற்கு யுடிபி போர்ட் ஒன்று திறக்க வேண்டும்தான், ஆனால் சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. ரௌட்டரின் வான் (இணையப் பக்கத்து) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரி) பின்னால் இருக்கிறீர்கள், அப்போது வயர்கார்டை வைத்தே ஓடுகிற டெயில்ஸ்கேல் சேவை சுலபம்.

அப்டேட்டுக்கு, கீழே டெபியன் ஸ்டேபிள் லினக்ஸ் போட்டு பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் தானாக விடுங்கள். மேலே ஓடுகிற கண்டெய்னர்களைத் தானாக விடாதீர்கள். கண்டெய்னர்களைப் பட்டியலிடுகிற கம்போஸ் ஃபைலில் லேட்டஸ்ட் என்று எழுதாமல் பதிப்பு எண்ணை எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் 15 இருந்த இடத்தில் 16 வந்து உட்கார்ந்தால் பழைய டேட்டாவை அது திறக்காது, முன்பே டம்ப் எடுத்து ஏற்றுவதுதான் சுலபம். நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய பதிப்பு ஒன்றைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, டம்ப் எடுத்து, ஏற்றினால் போதும்.

டாக்கர் லாக்குக்கு அளவு வரம்பும் போடுங்கள். இயல்பாக வரம்பே கிடையாது, ஒரு கண்டெய்னர் புலம்ப ஆரம்பித்தால் எஸ்எஸ்டி நிரம்பி எல்லாமே நிற்கும்.

பதில் 3

யுபிஎஸ் ஒன்று அவசியம். யுஎஸ்பி கேபிள் கொடுக்கிற மாடலாக வாங்கி, யுபிஎஸ் நிலையைக் கவனிக்கிற நட் மென்பொருள் போட்டுவிட்டால், பேட்டரி இறங்கும்போது சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். கரண்ட் திரும்பியதும் தானாக எழும்பும்படி பயாஸில் ஒரு அமைப்பு இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள்.

கேட்டவர்

கார்டைக் கழற்றி அளந்தேன்: 58 வாட் இருந்தது 33 ஆனது. இப்போதைக்கு இதுவே போதும். டிஸ்க் இரண்டும் வந்துவிட்டன, இரண்டுமே சிஎம்ஆர். காலையில் லாங் டெஸ்ட் போட்டேன், மூன்று மணி நேரம் ஆகியும் இன்னும் 70 சதவீதம் மீதி என்று காட்டுகிறது. முடிந்ததும் 5, 197, 198 எண்களை இங்கேயே போடுகிறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.