அம்மம்மா வீட்டு ஆட்கள் (குடும்ப அரட்டைக் குழு): கவிக்கு ஒரு கார்

சனிக்கிழமை

கவி (மாலை 6.12): எல்லோரும் ஒருக்கால் இதைப் பாருங்கள். எனக்குக் கந்தளாய்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்து மூன்று மாதம் ஆகிறது. திருகோணமலை உப்புவெளியிலிருந்து போக வர 85 கிலோமீட்டர். இந்த மாரியில் ஸ்கூட்டியில் போய் நான் பட்ட பாடு அம்மாவுக்குத் தெரியும். ஒரு பழைய கார் வாங்கலாம் என்று நானும் பிரபாவும் முடிவெடுத்திருக்கிறோம். கையில் 26 லட்சம். அதில் பாதி செந்தூரன் அண்ணா தருகிறார். என்ன வாங்கலாம்?

அம்மா: நனைந்து நனைந்து இருமல் பிடித்ததுதான் மிச்சம். காரே நல்லது.

செந்தூரன் அண்ணா (தோஹா): வேகன்ஆர் ஹைபிரிட் பார். பெட்ரோல் குடிக்காது, ஓட்டோ கியர், ஏசி நல்லது.

ரவி மாமா: 26 லட்சத்துக்கு வேகன்ஆர் கேட்டால் முன்பக்கத்தை மட்டும் தருவார்கள் மருமகனே.

நிலா (கொழும்பு): அப்பா சொல்வது சரி, செந்தூர் மச்சான். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் காருக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அதிலும் வரி தலைக்கு மேலே. அதனால் பழைய வண்டிகள் விலை இறங்கவே இல்லை. பத்து வருடம் ஓடின காரை வாங்கின விலைக்கு மேல் விற்றவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

செந்தூரன் அண்ணா: அப்போ மிச்சத்துக்கு லீசிங் போடலாமே. நீ வங்கியில்தானே இருக்கிறாய்.

நிலா: அங்கே இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன். வண்டி பழசு என்றால் வட்டியும் கூட, தவணைக் காலமும் குறைவு.

சித்தி: இன்று இரவு 9 மணிக்குள் இந்த மந்திரத்தை 11 பேருக்கு அனுப்பினால் வீட்டில் வாகன யோகம் உண்டாகும்.

ரவி மாமா: தங்கச்சி, கொஞ்சம் பொறு.

ரவி மாமா: (குரல் பதிவு, 4.31)

நிலா: அப்பா, நான் பஸ்ஸில் நிற்கிறேன். நாலரை நிமிடம் கேட்க முடியாது. எழுத்தில் போடுங்கள்.

ரவி மாமா: சரி, ஒரு விரலால் எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். 26 லட்சம் இருக்கிறது என்று 26 லட்சத்துக்குக் கார் வாங்கக் கூடாது. 23க்குள் வாங்கு. 3 லட்சத்தைத் தொடாதே. பழைய காருக்கு முதல் மாதமே டயர், பற்றரி, பெல்ட், பிரேக் என்று வரும். அந்த மூன்று லட்சம் இல்லாதவன்தான் வாங்கின காரைக் கராஜ் வாசலில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போவான். முப்பது வருடம் என் கராஜ் வாசலில் அப்படி நின்ற கார்களை எண்ணி முடியாது.

கவி: விளங்குகிறது மாமா. என்ன கார்?

ரவி மாமா: மாருதி ஆல்டோ. 800 சீசி, கை கியர். பார்க்க ஒரு வடிவும் இல்லை. ஆனால் நம்ம டவுன் அனுராதபுரச் சந்தியில் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும், எந்தப் பையனும் கழற்றிப் பூட்டுவான். நீ காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும். கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை காத்திருக்கிற கார் உனக்குச் சரிவராது.

ரவி மாமா: கணக்கும் சொல்கிறேன். மாதம் 22 நாள் என்றால் 1870 கிலோமீட்டர். லீட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள். ஆல்டோ லீட்டருக்கு 17 ஓடினால் 110 லீட்டர், 33,000 ரூபாய். பழைய ஓட்டோ கியர் கார் ஏசியும் போட்டு 10 ஓடினால் 187 லீட்டர், 56,100. வித்தியாசம் மாதம் 23,000க்கு மேலே. அதையும் செந்தூரன்தான் அனுப்ப வேண்டும்.

செந்தூரன் அண்ணா: ஆல்டோ நல்ல கார்.

பிரபா: ஸ்கூட்டிக்கு இப்போது மாதம் 12,500 போலத்தான் முடிகிறது.

கவி: மிச்சம் நனையாமல் போகிற விலை, பிரபா. என் பள்ளிக்கூடத்துக்கே டவுனிலிருந்து இரண்டு டீச்சர்மார் வருகிறார்கள். பெட்ரோலைப் பிரிக்கலாம் என்று அவர்களே கேட்டார்கள்.

ரவி மாமா: அது நல்ல யோசனை. ஆனால் மூன்று பேரோடு ஏசியும் போட்டால் ஆல்டோ கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆத்திரப்படாமல் ஓட வேண்டும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் காருக்குக் காற்றுப்பை கிடையாது. தகடும் மெல்லியது. லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே, 60ஐத் தாண்டாதே, சீட் பெல்ட் போடாத ஆளை ஏற்றாதே.

அம்மா: அப்படியென்றால் பஸ்ஸே நல்லது.

கவி: அம்மா!!

ஞாயிற்றுக்கிழமை

கவி (காலை 7.40): படம். படம். படம். பாருங்கள் மாமா. டொயோட்டா விட்ஸ், 2001. கம்பஹாப் பக்கம் ஒரு விற்பனையாளர். 24 லட்சம்தான்! உள்ளே புதிது போல இருக்கிறது. "அவசர விற்பனை, முதலில் வருபவருக்கே" என்று போட்டிருக்கிறார். இன்றைக்கே முற்பணம் ஒரு லட்சம் போடச் சொல்கிறார்.

செந்தூரன் அண்ணா: ஆகா, இது வடிவு. ஆல்டோவை விடு.

ரவி மாமா: ஒரு சதமும் போடாதே. இதே விட்ஸ் மற்ற இடத்தில் 30க்கு மேலே போகிறது. இவன் மட்டும் ஏன் 24க்குத் தருகிறான்?

கவி: வெளிநாடு போகிறாராம்.

ரவி மாமா: கார் விற்கிற எல்லோரும் வெளிநாடுதான் போகிறார்கள். திரும்பி வந்து அடுத்த காரையும் விற்கிறார்கள்.

ரவி மாமா: கம்பஹாப் பக்கம் என்கிறாய். 2025 நவம்பரில் டிட்வா புயலோடு களனி கங்கை எங்கெல்லாம் ஏறினது? நம்ம பக்கத்தில் மாவிலாற்று அணை உடைந்தபோது மூதூர், வெருகல் ஆட்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம்தானே. அங்கேயும் வீட்டுக்குள்ளே வெள்ளம் வந்தது என்றால் முற்றத்தில் நின்ற கார் எங்கே போயிருக்கும்? நிலா, இன்று உனக்கு லீவுதானே. ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வா.

நிலா: ஞாயிறு நித்திரை போச்சு. என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள், குரல் பதிவு வேண்டாம்.

ரவி மாமா: 1. முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து வெளியே எடு. மண் நிறத்தில் கோடு விழுந்திருக்கிறதா பார். சீட்டைக் கழுவுவார்கள், கம்பளத்தை மாற்றுவார்கள், பெல்ட்டின் அடி நுனியை யாரும் கழுவுவதில்லை. 2. சீட்டுக்குக் கீழே தண்டவாளம் மாதிரி இரும்பு இருக்கும், அதில் துரு. 3. டிக்கியில் ஸ்பெயார் வீலைத் தூக்கிவிட்டு அந்தக் குழிக்குள் கையை விடு. 4. மூக்கு.

நிலா: மூக்கா?

ரவி மாமா: கதவைத் திறந்தவுடன் மோந்து பார்.

நிலா (பகல் 12.55): வந்துவிட்டேன். கதவைத் திறந்தால் கல்யாண வீட்டுச் சென்ட் வாசம். அதற்குக் கீழே நனைந்த சாக்கு மணம். கம்பளம் புத்தம் புதிது. பெல்ட்டை இழுத்தேன், பாதியில் இறுகிவிட்டது, வரவே இல்லை. ஸ்பெயார் வீலைத் தூக்கினேன். படம் அனுப்புகிறேன்.

நிலா: படம்.

கவி: ஐயோ. இது என்ன, வயலா?

நிலா: ஆற்று மண் மச்சாள். காய்ந்து பாளம் பாளமாக இருக்கிறது. கேட்டதற்கு, கடற்கரைக்குப் பிக்னிக் போன மண் என்றார்.

ரவி மாமா: கடற்கரை மண் கைவிரலுக்கிடையில் உதிரும். இது ஒட்டும். திரும்பி வா மகள்.

செந்தூரன் அண்ணா: கழுவிக் காயவைத்தால் ஓடாதா மாமா? எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதாமே.

ரவி மாமா: இன்று ஓடும். வயர் மூட்டுகளுக்குள் போன தண்ணீர் பச்சை பிடித்து மெல்ல மெல்லத் தின்னும். முதலில் ஒரு கண்ணாடி இறங்காது. பிறகு டாஷ்போர்டில் ஒரு விளக்கு அணையாது. பிறகு ஒருநாள் தம்பலகாமம் தாண்டி வெட்டைக்குள் பேசாமல் நிற்கும். எந்த வயர் என்று தேடவே ஒரு கிழமை. அந்த வேலைக்கு நான் காசு வாங்கவே கூச்சப்படுவேன்.

செந்தூரன் அண்ணா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.

கவி: என்ன அண்ணா போட்டீர்கள்?

செந்தூரன் அண்ணா: ஒன்றுமில்லை. முற்பணம் அனுப்பப் போனேன், நல்லகாலம் சிக்னல் இல்லை.

புதன்கிழமை

சித்தி: அண்ணா, எங்கள் உவர்மலை வீட்டுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற பள்ளிக்கூடச் சேர் ஒருவர் ஆல்டோ வைத்திருக்கிறார். 2010. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓடுவதில்லையாம். 24 லட்சத்து 75 ஆயிரம் சொல்கிறார்.

கவி: மந்திரம் வேலை செய்கிறது சித்தி!

ரவி மாமா: நாளை காலை ஆறரைக்கு வருகிறேன் என்று சொல். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்றும் சொல்.

வியாழக்கிழமை

ரவி மாமா (காலை 9.20): பார்த்தாயிற்று. பொனட்டில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. நல்ல மனிதர். சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைக்கும், குளிர்ந்ததுதான் உண்மை சொல்லும். இரண்டாம் சுற்றிலேயே பிடித்தது. நீலப் புகை இல்லை. ஒயில் மூடியைத் திறந்தேன், உள்ளே பால் ஆடை போல ஒன்றும் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரிலும் எண்ணெய் மிதக்கவில்லை.

சித்தி: என் பிரிஜ்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு போனார். இன்னும் தரவில்லை.

ரவி மாமா: அது முக்கியமான சாமான். துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே எல்லாம் வைத்துப் பார்த்தேன். இடது பக்கக் கதவுக்குக் கீழே ஒட்டவில்லை. அங்கே தகடு துருப்பிடித்ததை மறைக்கப் பட்டிப் பசை பூசியிருக்கிறது. ஒரு முழ நீளம். மற்ற இடமெல்லாம் தகடுதான்.

பிரபா: அது பெரிய பிரச்சினையா மாமா?

ரவி மாமா: திருகோணமலையில் பதினைந்து வருடம் கடல்காற்றில் நின்ற கார். துருவே இல்லை என்று யாராவது சொன்னால்தான் பயப்பட வேண்டும். எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. ஜக் வைக்கிற இடமும், முன் ஷொக் பூட்டியிருக்கிற இடமும் உறுதி. அங்கே ஓட்டை என்றால் திரும்பி வந்திருப்பேன். கதவுக்குக் கீழே உள்ளதை வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம், டிங்கர் வேலை.

கவி: ஓட்டிப் பார்த்தீர்களா?

ரவி மாமா: உவர்மலை இறக்கத்தில் ஹான்ட்பிரேக் இழுத்தேன், நின்றது. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தேன், கிளச் வழுக்கவில்லை. நிலாவெளி வரை போய் வந்தேன், சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. ஏசி பேருக்கு ஊதுகிறது. டயர் நான்கும் முடிந்தது. மேலே பூ வெட்டு தேயாமல் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் 2217 என்று அடித்திருக்கிறது. 2017இல் 22ஆம் கிழமை செய்தது. றப்பர் வெடித்துவிட்டது. எஞ்சினின் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்றால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

கவி: அப்போ வேண்டாமா?

ரவி மாமா: யார் சொன்னது? அந்தச் சேர் ஒரு சீஆர் கொப்பியில் ஒயில் மாற்றின திகதி, கிலோமீட்டர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார், சிவப்புப் பேனையால் கோடு போட்டு. அந்தக் கொப்பிக்கே ஐம்பதாயிரம் கூடக் கொடுக்கலாம். ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

நிலா: மச்சாள், விலை பேசுவதற்கு முன் புத்தகத்தைப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் அவருடைய பெயர்தானே இருக்கிறது? முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது லீசிங் கம்பனி இருக்கிறதா? எஞ்சின் நம்பர், செசி நம்பர் இரண்டையும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் படம் எடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள இணையத்தளத்திலும் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

கவி: அவர் பெயர்தான். லீசிங் இல்லை. நம்பர் இரண்டும் சரி. வாகன வருமான அனுமதிப்பத்திரம் ஆவணிவரை இருக்கிறது, புகைச் சான்றிதழும் வைத்திருக்கிறார்.

செந்தூரன் அண்ணா: ஓபன் பேப்பரில் வாங்கி வைத்துக்கொள், பெயர் மாற்றுவதை ஆறுதலாகப் பார்க்கலாம். என் சிநேகிதன் அப்படித்தான்.

நிலா: உங்கள் சிநேகிதனுக்குக் காரை விற்றவர் இப்போது எங்கே?

செந்தூரன் அண்ணா: கனடா.

நிலா: இனி ஒரு கையெழுத்து வேண்டும் என்றால் கனடா போக வேண்டும். எம்டிஏ 6, எம்டிஏ 8 என்ற பெயர் மாற்றப் படிவங்கள் இரண்டிலும் காசு கொடுக்கிற அன்றே கையெழுத்து வாங்குங்கள். 14 நாளுக்குள் மாற்றத்துக்குக் கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எங்காவது மோதினால் பொலிஸ் அந்தச் சேர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

அம்மா: யாரும் எங்கும் மோதமாட்டார்கள். வாயைக் கழுவு நிலா.

நிலா: சொறி மாமி.

ரவி மாமா (மாலை 5.05): பேசினேன். டயர், பெல்ட், தகடு, ஏசி நான்கையும் ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். சத்தம் போடவில்லை. கண்ணாடியைப் போட்டு வாசித்தார், கூட்டிப் பார்த்தார், ஒரு கூட்டல் பிழையைத் திருத்தித் தந்தார். 23 லட்சத்து 25 ஆயிரம்.

கவி: 23க்கு மேலே போகக் கூடாது என்றீர்களே மாமா!

ரவி மாமா: அந்த 25 ஆயிரம் கொப்பிக்கு.

திங்கட்கிழமை

கவி (மாலை 4.48): கார் வீட்டு வாசலில் நிற்கிறது. பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்த்தான் வந்தோம், அம்மா சந்தோஷம். கண்ணாடி துடைப்பான் "கிறீச்" என்கிறது, மற்றபடி நல்லாய் ஓடுகிறது. டயர் புதன்கிழமை மாற்றுகிறோம், பெல்ட் சனிக்கிழமை.

செந்தூரன் அண்ணா: படம் போடு. என்ன நிறம்?

கவி: ஒருகாலத்தில் சிவப்பு.

ரவி மாமா: பெல்ட் மாற்றும்வரை கந்தளாய்க்குக் கொண்டுபோகாதே. டவுனுக்குள் ஓடிப் பழகு. அந்த டயரோடு 40க்கு மேலே வேண்டாம். அதுசரி, ஸ்பெயார் வீல் எப்படி? அன்று மண் இருக்கிறதா என்று குழியைத்தான் பார்த்தேன், டயரைப் பார்க்கவில்லை.

கவி: பொறுங்கள், பிரபா பார்க்கிறார்.

பிரபா: டயர் இருக்கிறது மாமா. காற்றுத்தான் இல்லை.