டேப்புக்குள் போகும் கியர் கேபிள்: உங்களுக்கு என்ன நடந்தது?

வடசேரி

ஷிமானோ 105 5800 கியர் செட் போட்ட சைக்கிள் ஓட்டுகிறேன். ஹேண்டில்பாரில் சுற்றியிருக்கும் பார் டேப் கிழிந்துவிட்டதென்று ஒரு கடையில் கொடுத்தேன், கையோடு கியர் கேபிளையும் மாற்றிவிடலாம் என்றார்கள், சரி என்றேன். வண்டியை எடுத்த அன்றே வலது பக்கம் ஒரு சுணக்கம். பெரிய பல்லுக்கு ஏற்றினால் ஒழுங்காக ஏறுகிறது. சின்னப் பல்லுக்கு இறக்கினால் லீவர் டிக் என்று விழுகிறது, செயின் மட்டும் ஒன்றிரண்டு மிதி கழித்துத்தான் இறங்குகிறது. திரும்பக் கொண்டுபோனால் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது என்று நிமிர்த்தினார்கள், கேபிள் இறுக்கத்தை மாற்றும் பேரல் அட்ஜஸ்டரை இப்படியும் அப்படியும் திருகினார்கள், கடைசியில் பின்னால் செயினைப் பல் மாற்றும் ரியர் டீரெய்லரின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, புதுசு போட்டுவிடுங்கள் என்று முடித்துவிட்டார்கள்.

போன வாரம் பேச்சிப்பாறைக்குப் போகும்போது வேர்க்கிளம்பி பக்கம் ஒரு டீக்கடையில் நின்று, பொறுக்க முடியாமல் வலது பக்க டேப்பை லீவரின் ரப்பர் பிடியான ஹூட் வரைக்கும் உரித்தேன். ஷிஃப்டரை, அதாவது கியர் லீவரை, விட்டு வெளியே வந்ததும் கேபிளின் வெளியுறையான அவுட்டர் ஒரு விரற்கடை கூட நேராகப் போகவில்லை, வந்த இடத்திலேயே மடங்கி பாரின் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. மடங்கின இடத்தில் கறுப்பு உறை வெளுத்து, ஒரு பக்கம் தட்டையாகிக் கிடந்தது. அதை முன்பக்கமாகத் தள்ளி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, டீக்கடை அண்ணனைப் பின் சக்கரத்தைத் தூக்கி மிதியைச் சுற்றச் சொன்னேன். கியர் ஒவ்வொன்றாக டக் டக்கென்று இறங்கியது. கையை விட்டேன், மறுபடி அதே சுணக்கம். அந்த அண்ணனுக்கே புரிந்துவிட்டது, "இங்கதானே தம்பி பிடிக்குது" என்றார். இத்தனை பேர் பின்னால் குனிந்து குனிந்து பார்த்தார்களே, ஒருவருக்குக்கூட ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே என்பதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. இந்த மாதிரி வேறு யாருக்காவது?

குளச்சல்

எனக்கு உப்புக்காற்று. தேங்காப்பட்டணம் வரைக்கும் கடலோரமாகத்தான் தினமும் ஓட்டம். ஒரு நாள் வீட்டுக்கு வந்து வண்டியைச் சுவரில் சாய்த்தால் வெள்ளை டேப்பின் வளைவில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் உறைக்குள் ஓடும் கம்பியான இன்னர் பளபளவென்று இருக்கிறது, அது ஸ்டெயின்லெஸ். அவுட்டருக்குள் ஓடும் இரும்புக் கம்பிகள்தான் வெட்டின முனையில் துருப்பிடித்து ஊதி, முனையில் மாட்டும் குப்பியான ஃபெரூலோடு சேர்ந்து ஒட்டிப்போய்விட்டன. குறடு போட்டு இழுத்தும் வரவில்லை, அறுத்துத்தான் எடுத்தேன்.

அதனால் என் கட்சி இதுதான்: கடலோரத்தில் இருப்பவனுக்கு கேபிள் டேப்புக்குள் போகவே வேண்டாம். ஷிமானோவின் பழைய டியாக்ரா 4600 இன்னொரு வண்டியில் இருக்கிறது, கேபிள் ஷிஃப்டரின் பக்கவாட்டிலிருந்து வெளியே வந்து வளைந்து போகும், துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். கம்பக்னோலோ 1992இல் எர்கோபவர் லீவர் வந்தபோதே உள்ளே விட்டார்கள், அது வேறு அமைப்பு. ஷிமானோ 2008 வாக்கில் டூரா ஏஸ் 7900இல் உள்ளே தள்ளி, அப்புறம் ஒவ்வொரு செட்டாகக் கீழே இறக்கி, 2016இல் சோரா ஆர்3000க்கும் கொண்டுவந்துவிட்டார்கள். முன்னாலிருந்து பார்க்க அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடசேரி சொன்ன மடிப்பு வெளியே போகும் கேபிளில் வராது.

ஆரல்வாய்மொழி

குளச்சல் அண்ணே, வெளியே போகும் கேபிளோடு முன்னால் ஒரு பை கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? என்னுடையது சோரா 3500, நீங்கள் சொல்லும் அதே அமைப்பு. மதுரையிலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்தேன், ஆடி மாதம். முப்பந்தல் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம், எதிர்க்காற்றில் நின்று மிதித்தால்தான் வண்டி நகரும். ஹேண்டில்பார் பை ஆடி ஆடிக் கேபிளின் வளைவில் போய் இடிக்கும், இடிக்கும்போதெல்லாம் பின்னால் செயின் கரகரவென்று அடுத்த பல்லைத் தேடும். பக்கத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்த நேரத்தில் எழுந்து மிதித்தேன், செயின் தானாகத் தாவியது, கால் விலகி மேல்குழாயில் முட்டி அடித்து வண்டி வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே போய்விட்டது. லாரிக்காரர் ஒதுக்கினார், அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு டேப்புக்குள் போகும் கேபிள்தான். ஸ்ரீநகரிலிருந்து 44ஆம் நம்பர் நெடுஞ்சாலை வழியாகக் கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர் முன்னால் பை கட்டி வருகிறார்கள், அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். துருவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை அவுட்டரை மாற்றினால் முடிந்தது. தானாகத் தாவுகிற கியருக்கு என்ன செய்வது?

குலசேகரம்

என் கதை சின்னது. ஷிமானோ அல்டெக்ரா 6800. மழையில் திற்பரப்பு போய்விட்டுத் திரும்பும்போது வலது லீவர் திடீரென்று தொளதொளத்துவிட்டது, செயின் கடைசிச் சின்னப் பல்லில் போய் உட்கார்ந்துகொண்டது, அப்படியே வீடு வரை மிதித்தேன். ஹூட் ரப்பரை மடக்கிப் பார்த்தால் கேபிளின் தலைக்குப் பக்கத்தில் இழை இழையாகப் பிரிந்திருக்கிறது, ஒரு இழை நகக்கண்ணில் ஏறியது. இந்தப் பதினொரு ஸ்பீடு ஷிஃப்டர்களுக்குள் கேபிள் சுற்றும் வளைவு இறுக்கமானது, தலைப்பக்கம் பிய்வது எல்லோருக்கும் தெரிந்த வியாதி. வடசேரி தம்பி, உங்களுடைய 5800உம் அதே குடும்பம்தான். சின்னப் பல்லுக்கு இறங்கச் சுணங்கினால் ஹூட்டை மடக்கி அங்கேயும் ஒரு தடவை பாருங்கள். அது முழுக்க அறுகிற வரைக்கும் காத்திருந்தால் தலை உள்ளே சிக்கிக்கொள்ளும்.

ஏன் சின்னப் பல் பக்கம் மட்டும் சுணங்குகிறது என்று யாரும் சொல்லவில்லை. பெரிய பல்லுக்கு ஏற்றும்போது கேபிளை இழுப்பது உங்கள் விரல், அதற்குப் பலம் அதிகம், கொஞ்சம் பிடித்தாலும் இழுத்துவிடும். இறங்கும்போது இழுப்பது டீரெய்லரின் ஸ்பிரிங் மட்டும்தான். கேபிள் எங்கே பிடித்தாலும் முதலில் தெரிவது அங்கேதான். அதனால்தான் கடைக்காரர் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

இனிமேல் நீங்களே போடுங்கள், ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஷிஃப்டரை முதலில் பாரில் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து இறுக்குங்கள், கேபிள் போட்ட பிறகு ஷிஃப்டரை நகர்த்தினால் எல்லாம் வீண். வலது லீவரைச் சின்னப் பல்லுக்கும் இடது லீவரை முன்னால் இருக்கும் சின்னச் செயின்ரிங்குக்கும் முழுக்க இறக்கிவிட்டு அப்புறம் இன்னரை நுழையுங்கள், இல்லாவிட்டால் முனை வெளியே வரும் ஓட்டை கண்ணில் படாது. அவுட்டரைக் கேபிள் கட்டரால் வெட்டுங்கள், சாதாரணக் குறடு நசுக்கிவிடும். வெட்டின முனையை அரம் போட்டுத் தட்டையாக்கி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் மூடியிருக்கும், அதைக் கூராக்கின ஸ்போக்கால் திறந்துவிடுங்கள். பலர் விடுவது இந்த ஒரு இடத்தைத்தான்.

பாரில் பள்ளமாக வரி ஓடினால் அவுட்டரை அந்த வரியிலேயே படுக்க வையுங்கள். வரி இல்லாத உருண்டை பார் என்றால் முன்பக்கமா பின்பக்கமா என்பது உங்கள் உள்ளங்கை எங்கே படுகிறது என்பதைப் பொறுத்தது, ஆனால் எந்தப் பக்கம் போனாலும் ஷிஃப்டரை விட்டு வந்ததும் கொஞ்ச தூரம் நேராகப் போய் அப்புறம்தான் வளைய வேண்டும். இன்சுலேஷன் டேப்பால் ஓரிரண்டு இடத்தில் கட்டிவிட்டு, பார் டேப் சுற்றுவதற்கு முன்னால் இன்னரை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் பார் டேப்பைச் சுற்ற ஆரம்பிக்காதீர்கள்.

நீளத்துக்கு ஒரு சோதனை: ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். கேபிள் விறைத்தால் நீளம் போதாது. வலது ஷிஃப்டரின் அவுட்டர் ஃப்ரேமின் முன்குழாயான ஹெட் ட்யூபைச் சுற்றி, அவுட்டர் வந்து முடியும் இடது பக்க ஸ்டாப்புக்கும், இடது ஷிஃப்டரின் அவுட்டர் வலது பக்க ஸ்டாப்புக்கும் போகட்டும், இன்னர்கள் கீழ்க்குழாயான டவுன் ட்யூபின் கீழே குறுக்காகப் போய்ச் சரியான பக்கம் சேர்ந்துவிடும். வளைவு பெரிதாகும், ஃப்ரேமின் பெயின்டும் உரசாது.

சுசீந்திரம்

குறுக்கே விடுவது எல்லா ஃப்ரேமுக்கும் சரிப்படாது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். என் வண்டியில் கேபிள் ஃப்ரேமுக்கு உள்ளே போகிறது. மெக்கானிக் ஒருவர் நீங்கள் சொன்னபடியே குறுக்கே விட்டார். முன் கியரை மாற்றினால் பின்னால் செயின் லேசாகத் துடிக்கும், தெப்பக்குளத்துப் பக்கம் மேடுபள்ளத்தில் போனால் டவுன் ட்யூபுக்குள் கடகடவென்று சத்தம். கடைசியில் கீழே மிதியின் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ரெண்டு இன்னரும் ஒன்றையொன்று முழுச் சுற்று சுற்றிக்கொண்டு இருந்தன. ஒரு முறை குறுக்கே போவது வேறு, முறுக்கிக்கொள்வது வேறு. உள்ளே போகும் ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் இன்னருக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் லைனர் குழாய் போட்டு இழுங்கள், இல்லையென்றால் குறுக்கே விடவே வேண்டாம்.

தடிக்காரன்கோணம்

எல்லோரும் கியரைப் பேசுகிறீர்கள், எனக்கு அதே கேபிளால் பிரேக் போனது. செகண்ட் ஹேண்டில் வாங்கின வண்டி, டேப் புதுசாகச் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். கீரிப்பாறையிலிருந்து இறங்கி வருகிறேன், மழை விட்டு ரப்பர் இலை ரோட்டில் ஒட்டிக்கிடக்கிறது, வளைவில் பிரேக்கைப் பிடித்தேன், டேப்புக்குள் பொட்டென்று ஒரு சத்தம், லீவர் பாரைத் தொட்டுவிட்டது. பின் பிரேக் மட்டும் பிடித்து, வண்டி வழுக்கி வழுக்கி, ஓடையோரத்துக் கல்லில் காலை ஊன்றித்தான் நின்றேன்.

டேப்பை அறுத்துப் பார்த்தால் முன் பிரேக்குக்குக் கியர் அவுட்டரைப் போட்டிருக்கிறார்கள். பாரின் வளைவில் உறை பிளந்து கம்பிகள் எல்லாம் துடைப்பம் மாதிரி விரிந்து நின்றன. கியர் அவுட்டருக்குள் கம்பி நீளவாக்கில் ஓடும், அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது வெளியே இருக்கும் பிளாஸ்டிக் மட்டும்தான். பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், பிரேக்கின் இழுப்பைத் தாங்குவது அதுதான். கியருக்கு 4 மில்லிமீட்டர், பிரேக்குக்கு 5 மில்லிமீட்டர், கையில் பிடித்தாலே வித்தியாசம் தெரியும், டேப் சுற்றிவிட்டால் தெரியாது. விற்றவருக்குத் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே டேப்பைப் பிரியுங்கள், புது டேப் என்றால் கட்டாயம் பிரியுங்கள்.

வடசேரி

இதைப் படித்துவிட்டு ராத்திரியே ரெண்டு பக்கமும் பிரித்தேன். பிரேக் அவுட்டர் சரியானதுதான். ஹூட்டை மடக்கினால் கேபிள் தலைப்பக்கம் ஒரு இழை கூடப் பிரியவில்லை. மடிப்பு மட்டும்தான், அந்த அவுட்டர் இனி ஆகாது. குலசேகரம் அண்ணே, நாகர்கோவிலில் 4 மில்லிமீட்டர் மீட்டர் கணக்கில் எங்கே கிடைக்கும்? கேட்ட இடத்தில் எல்லாம் செட்டாகத்தான் தருவோம் என்கிறார்கள்.

குலசேகரம்

என்னிடம் ஒரு சுருள் இருக்கிறது தம்பி, அலையாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாருங்கள், ஃபெரூலும் தருகிறேன். பழைய அவுட்டரைத் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள், நீளம் அளக்க வேண்டும்.