ஃபைனல் ஃபேண்டஸி 6: மிதக்கும் கண்டத்துக்கு ஏறுமுன் என்ன செய்து வைக்கணும்?

கேள்வி – பனிமலை_மூகுள்

இந்த வீடியோ கேமோட 1994-ல வந்த மூலப் பதிப்புதான் ஆடறேன். எல்லாரும் லெவல் 19, 20-ல இருக்காங்க. அடுத்தது மிதக்கும் கண்டம். அங்க போனா உலகமே மாறிடும்னு தெரியும். இந்த லெவல் போதுமா? கூட வர்ற நிஞ்சா ஷேடோவைக் காப்பாத்துறது எப்படி? இப்போ விட்டா அப்புறம் கிடைக்காதது எது?

பதில் – ஏழாம்_மணல்

லெவல் போதும். கவனிக்க வேண்டியது எஸ்பரை (மாட்டிக்கொண்டால் மந்திரம் கற்றுத்தரும் மாய உயிர்). இந்த ஆட்டத்தில் லெவல் ஏறும்போது தானாகக் கூடுவது ஹெச்பியும் (உயிர் அளவு) எம்பியும் (மந்திர சக்தி அளவு) மட்டும். பலம், மேஜிக், ஸ்டாமினா எல்லாம் அந்த நொடியில் யார் எந்த எஸ்பரை மாட்டியிருக்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் ஏறும். ஷிவா, யூனிகார்ன் போன்றவை மாட்டியிருந்தால் ஒன்றுமே ஏறாது, அந்த லெவல் வீண். மடுயின் மேஜிக் +1, பிஸ்மார்க் பலம் +2.

ஸ்டேட்டஸ் திரையில் அடுத்த லெவலுக்கு எவ்வளவு அனுபவம் பாக்கி என்று எழுதியிருக்கும். அது ஒரு சண்டைக்குள் முடிகிற அளவுக்கு வந்ததும் மடுயினுக்கு மாற்றுங்கள். லெவல் ஏறியதும் மந்திரம் கற்றுத்தரும் எஸ்பரைத் திரும்பப் போடுங்கள்.

அதற்கும் முன்னால் ஜிடோர் ஏல மண்டபத்துக்குப் போய் வாருங்கள். அங்கே சோனா சீக்கர் எஸ்பர் 10,000 கில் (ஆட்டத்தின் பணம்), மேஜிக் +2 தரும். கோலெம் 20,000. எந்தப் பொருள் ஏலத்துக்கு வரும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். வேறு ஏதாவது வந்தால் வெளியே போய்த் திரும்ப நுழையுங்கள். ட்சென் ஊரில் 3,000-க்கு விற்கும் செராஃபிமை இப்போது தொடாதீர்கள். உலகம் மாறிய பிறகு அதே எஸ்பர் வெறும் 10 கில்!

இனி ஷேடோ. கண்டம் இடிந்து விழத் தொடங்கும்போது 6 நிமிட டைமர் ஓடும். விளிம்புக்கு வந்ததும் குதிப்பதா, காத்திருப்பதா என்று கேட்கும். காத்திருங்கள். டைமரில் 5 நொடி மிச்சம் இருக்கும்போதுதான் ஓடி வருவான். 10 நொடி இருக்கிறதே என்று பதறிக் குதித்தால் அவன் கதை அங்கேயே முடிந்தது. சண்டைக்குள்ளும் டைமர் ஓடும். அதனால் வழியில் தேவையில்லாமல் அலையாமல், நேரே விளிம்புக்குப் போய் நில்லுங்கள்.

பதில் – வெண்கலக்_கேடயம்

மேலே சொன்னது சரி, ஆனா எஸ்பர் போனஸுக்காக ஒரேயடியா லெவலைப் பிடிச்சு வைக்க வேணாம். அடிக்கிற அடியோட கணக்குல லெவலுக்கும் பெரிய பங்கு இருக்கு.

கண்டத்தோட காவல்காரன் அல்டிமா வெப்பனுக்கு (உங்க பதிப்புல ஆட்மா) ஹெச்பி 24,000. எம்பி 5,000தான், அது தீர்ந்தாலும் செத்துடும். ஷிவா சொல்லித்தர்ற ராஸ்ப் மந்திரத்தை ரெண்டு மூணு பேர் விடாம போட்டா அந்த வழியிலயும் முடிக்கலாம்.

உலகம் மாறினதும் செலஸ் தனியா எழுந்திருப்பா. அப்புறம் புது விமானம் கைக்கு வர எட்கரும் செட்ஸரும் கட்டாயம் வேணும். போனஸைப் பங்கு போடறப்போ இந்த மூணு பேரை மறக்காதீங்க. எழுந்ததும், அவளைப் பார்த்துக்கிட்ட சிட் என்ற பெரியவருக்கு மீன் கொடுக்கணும். அவர் உடல்நிலை 120-ல தொடங்கி நொடிக்கு 1 குறையும்; 255-ஐத் தாண்டினா பிழைப்பார். மெதுவா நீந்தற மீன் கெட்டது, அது அவரை இன்னும் மோசமாக்கும். சரசரன்னு ஓடற மீனை மட்டும் பிடிங்க.

மூலப் பதிப்புல ஒரு பெரிய கோளாறு இருக்கு. உடல் தாக்குதலைத் தவிர்க்கிற எண் வேலையே செய்யாது. மந்திரத் தவிர்ப்பு எண்தான் ரெண்டையும் பார்த்துக்குது. கேடயம் வாங்கறப்போ அதை மட்டும் பாருங்க. ரெல்ம்ங்கிற பொண்ணோட ஸ்கெட்ச் திறமையையும் தொடாதீங்க, சேவ் கோப்பே பாழாக வாய்ப்பிருக்கு. வேற வழியில்லாத எதிரிக்கு வேணும்னா, முதல்ல வானிஷ் (மறைய வைக்கிற மந்திரம்), பிறகு டூம் (உடனே கொல்ற மந்திரம்). பெரும்பாலான பாஸும் இதுல விழும். ஆனா அப்படி ஆடினா இந்த ஆட்டத்தோட நல்ல சண்டைகளே உங்களுக்குக் கிடைக்காம போயிடும்.

பனிமலை_மூகுள்

ரொம்ப நன்றி. நார்ஷ் ஊர்ல ஓநாய்த் திருடனைத் துரத்தினப்போ, மாக்ங்கிற மூகுளை விட்டுட்டுத் தங்க ஹேர்பின்னை எடுத்துட்டேன். தப்பா?

பதில் – ஏழாம்_மணல்

பெரிய இழப்பில்லை. ஹேர்பின் எம்பி செலவைப் பாதியாக்கும். இரண்டாம் பாதியில் நார்ஷுக்குப் போனால் மாக் சேர்ந்துகொள்வான். அவன் நின்றிருந்த இடத்தைத் துழாவினால் மூகுள் சார்ம் கிடைக்கும். அதை அவனுக்கு மாட்டினால் வழியில் திடீர்ச் சண்டையே வராது. போனது, அவன் சண்டையில் ஆடும் நடனங்களில் நீர் நடனம் ஒன்றுதான். அதை லீத் ஆற்றிலோ பாம்புப் பள்ளத்திலோ, உலகம் மாறுவதற்கு முன் அவனை வைத்து ஒரு சண்டை ஜெயித்துத்தான் கற்க முடியும். அந்த நடனம் இல்லாமலும் கடைசிக் கோபுரத்தை முடிக்கலாம். ஆனால் எட்டு நடனமும் வேண்டும் என்றால், ஓநாயைத் துரத்துவதற்கு முந்தைய சேவ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.