சளிக்கு ஒரு மூடி பிராந்தி

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு அப்பா:

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கொழுந்துக்கு விலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சாயங்காலம் எனக்குக் கொஞ்சம் பிராந்தி உண்டு. ஒரு ஃபுல் வாங்கினால் வாரம் ஓடும். சுடுதண்ணீர் கலந்து அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து குடிப்பேன். குடித்துவிட்டுச் சத்தம் போடுகிற ஆள் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

முந்தின வருடம் இரண்டு மாதமாகச் சரக்கு சப்பென்று இருந்தது. "இப்பல்லாம் எதுவுமே சரியில்லை, தண்ணி ஊத்தி விக்கிறானுங்க" என்று மச்சானிடம் புலம்பினேன். பிராண்டை மாற்றிப் பார்த்தேன். அதுவும் சப்பென்றுதான் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டிசம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, பத்தாவது படிக்கும் என் பையன் டியூஷன் முடிந்தும் வீட்டுக்கு வரவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் தேடினோம். தோட்டத்து மேல் ஓரத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் கிடந்தான். கரடியும் காட்டெருமையும் நடமாடுகிற தடம் அது. தொட்டால் உடம்பு ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் அவனுடைய ஸ்கூல் தண்ணீர் பாட்டில். திறந்து மோந்து பார்த்தேன். என் பிராந்தி. எனக்குத் தெரியாத வாசனையா? அவன் ஊற்றிக்கொண்டு, குறைந்ததற்குத் தண்ணீர் நிரப்பி வைத்ததைத்தான் நான் இரண்டு மாதமாகக் குடித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். மறுநாள் டாக்டர் அவனிடம், "முதல்ல எப்ப குடிச்சே?" என்று கேட்டார். "நாலாவது படிக்கும்போது. சளி பிடிச்சிருந்துச்சு. அப்பா குடுத்தாங்க" என்றான். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். என் மனைவி பார்த்தாள்.

உண்மைதான். வெந்நீரில் ஒரு மூடி, கொஞ்சம் தேன், மிளகு. என் தாத்தா எனக்குக் கொடுத்தார், நான் அவனுக்குக் கொடுத்தேன். எங்கள் ஊரில் அதை யாரும் குடி என்று சொல்வதில்லை, மருந்து என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் நம் கைக்கு வரும். காட்டில் வீசுகிற கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கக்கூடாது என்று வந்த நல்ல ஏற்பாடு. நான் அந்த வேலையைப் பையனிடம் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவன் போகும்போது அவனிடம் கொடுத்தனுப்பி 10 ரூபாயை இவன் வைத்துக்கொள்வான். பாக்கெட் மணிக்கு ஒரு வழி ஆச்சு என்று நினைத்தேன். பாட்டில் எப்போது காலியாகும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னதே நான்தான்.

பெருமாள்மலையிலிருந்து ஒரு செவிலியர்:

அண்ணா, ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னீர்களே, அது பெரிய விஷயம். நான் மலையில் பல வருடமாக நைட் டியூட்டி பார்க்கிறேன். இப்படி வருகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாயில் முதலில் வருவது "ஃபுட் பாய்சன்"தான். ஒரு தடவை 14 வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசனை குப்பென்று அடித்தது. அம்மா மட்டும் "இருமல் மருந்து சிஸ்டர்" என்பதை விடவில்லை. பெண்பிள்ளை, வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். நாங்கள் சர்க்கரையைப் பார்த்தபோது 48. கல்லீரல் சர்க்கரை தயாரிக்கிற வேலையை மது தடுத்துவிடும். சாப்பிடாமல் குடித்த சின்ன உடம்பு என்றால் சர்க்கரை சடாரென்று இறங்கும், வலிப்புகூட வரலாம். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்தது. அப்போதும் அம்மா, "சீட்டில அதை எழுதாதீங்க" என்றுதான் கேட்டார்.

குளிருக்கு இதம் என்கிறார்களே, அது தோலுக்கு மட்டும்தான். தோலில் ரத்தக் குழாய் விரிவதால் சூடாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே இருக்கிற சூடு வெளியே போவதுதான் அது. டிசம்பரில் தோட்டத்தில் கிடந்த பையன் ஜில்லென்று இருந்ததற்கு இதுவும் காரணம்.

வீட்டில் யாராவது இப்படிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்கப் போடாதீர்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். மோர், எலுமிச்சை, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, தலையில் தண்ணீர் ஊற்றுவது, எதுவும் வேண்டாம். போர்த்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தனியாக விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள்.

கொடைக்கானலில் காட்டேஜ் பார்த்துக்கொள்பவர்:

எனக்கு வேறு மாதிரி அனுபவம். ஒருத்தர் தன் பையனையும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்திருந்தது. டிக்கியில் பீர் கேஸ். கேட்டதற்கு, "வெளிய போய்க் கெட்டுப் போறதுக்கு என் கண்ணு முன்னாடி குடிக்கட்டும்பா" என்றார். மற்ற மூன்று பேரின் அப்பாக்களுக்கு இது தெரியுமா என்றேன். பதில் இல்லை.

இந்த மாநிலத்தில் 21 வயது ஆகாதவர்களுக்குக் கடையில் மது விற்கக்கூடாது. 18 ஆகாத பிள்ளைக்கு டாக்டர் சொல்லாமல் மது கொடுத்தால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்பாவுக்கு விலக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். "என் பிள்ளைக்கு நான் குடுக்கறதுக்கா ஜெயில்?" என்று சிரித்தார். கேஸ் வண்டியை விட்டு இறங்கினால் ரூம் சாவி கிடையாது என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு, மறுநாள் எனக்கு ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போனார். காரணம்: வெந்நீர் வரவில்லையாம். கெய்சர் அருமையாக வேலை செய்தது.

குன்னூரிலிருந்து ஒரு அம்மா:

எல்லாப் பழியையும் வீட்டின் மேலேயே போடாதீர்கள். பாட்டி காலத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் திராட்சை ஒயின் போடுவோம். கேக்கோடு பிள்ளைகளுக்கும் ஒரு சொட்டு. என் இரண்டு பிள்ளைகளும் இன்றுவரை தொடுவதில்லை. என் அக்கா வீட்டில் ஒயினும் இல்லை, பிராந்தியும் இல்லை, ஆனால் அவள் பையன் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டான். இருந்தாலும் அந்தச் சட்டத்தைப் படித்ததிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறது. இந்த வருடம் பேரனுக்கு திராட்சை ஜூஸ்தான்.

மறுபடி கோத்தகிரி அப்பா:

சிஸ்டர், அவன் இப்போது நன்றாக இருக்கிறான். கவுன்சிலிங்குக்கு அவனை மட்டும் அனுப்பினால் போதும் என்று நினைத்தேன், "நீங்களும் உள்ளே வாங்க" என்றார்கள். நான் நிறுத்திவிட்டேனா என்று கேட்பீர்கள். நாலு மாதம் தொடவில்லை. சித்திரையில் மச்சான் வந்தபோது குடித்துவிட்டேன். காலையில் எழுந்தால் காலி பாட்டிலோடு பையன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறான். "நீயே போய்க் குடுத்துட்டு வாப்பா" என்றான். கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதுவரை பாட்டில் திண்ணையில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்தது. போய்க் கொடுத்தேன். 10 ரூபாய் தந்தார்கள்.