எந்தச் சார்பைப் போட்டாலும் விடை 1 வருது, எங்கே தப்பு?

அஸ்தம்பட்டி பிளஸ் ஒன்
f(x) = 3x² − 5x + 4. இதுக்கு [f(x+h) − f(x)] / h சுருக்கணும். f(x+h) = 3x² − 5x + 4 + h என்று எழுதினேன். கழிச்சா h மட்டும் மிச்சம், வகுத்தா 1. அடுத்த கணக்குலயும் 1. புத்தகத்து விடையோ 6x + 3h − 5. திரும்பப் போட்டப்போ (8 − 10x)/h என்று ஒரு துண்டு கடைசியில் ஒட்டிக்கிட்டுப் போகவே மாட்டேங்குது. 2/(x+3), √(2x+1) ரெண்டையும் இன்னும் தொடலை. சொல்லிக்கொடுங்க சார்.

கன்னங்குறிச்சி டியூஷன்
தம்பி, ரெண்டும் வேற வேற தப்பு.

முதல்ல நீ எழுதினது f(x) + h. அப்படி எழுதினா எந்தச் சார்புக்கும் h/h = 1தான் வரும். f(x+h) என்றால் x இருக்கிற ஒவ்வொரு இடத்திலும் அடைப்புக்குறியோட (x+h) போடணும்:

3(x+h)² − 5(x+h) + 4 = 3x² + 6xh + 3h² − 5x − 5h + 4

அடுத்தது கழித்தல். −3x² − 5x + 4 என்று எழுதியிருப்ப. மைனஸ் முதல் உறுப்போட நின்னுபோச்சு. −(3x² − 5x + 4) என்று அடைப்புக்குறி போட்டுப் பிரி. −3x² + 5x − 4. இப்ப மிச்சம் 6xh + 3h² − 5h. h-ஐப் பொதுவா வெளியே எடுத்து அடிச்சா 6x + 3h − 5.

பல்லுறுப்புக் கோவையில் கழிச்ச பிறகு h இல்லாத உறுப்பு ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினா வகுக்கப் போகாதே, முந்தின வரியைப் பாரு.

சரிபார்க்க x = 1, h = 0.1 போடு: f(1.1) = 2.13, f(1) = 2; 0.13/0.1 = 1.3. சூத்திரத்திலும் 6 + 0.3 − 5 = 1.3.

ஏற்காடு அடிவாரம்
மத்த ரெண்டு கணக்கு. பின்னத்தில் தொகுதிகளைத் தனியா, பகுதிகளைத் தனியாக் கழிக்கக் கூடாது. பொதுப் பகுதி (x+3)(x+h+3). மேலே 2(x+3) − 2(x+h+3) = −2h. h-ஐ அடிச்சா −2 / [(x+3)(x+h+3)]. பகுதியைப் பெருக்கி விரிக்காதீங்க, வீண் வேலை.

வர்க்கமூலக் கணக்கில் மேலும் கீழும் √(2x+2h+1) + √(2x+1) ஆல் பெருக்கணும். மேலே 2h மட்டும் நிக்கும். விடை 2 / [√(2x+2h+1) + √(2x+1)]. உள்ளே 2h-க்குப் பதில் h என்று எழுதிட்டா தொகுதியில் 2 வராது, 1 வரும். x = 0, h = 4 வெச்சுப் பாருங்க: (3 − 1)/4 = 2/(3 + 1). ரெண்டும் 0.5.

அஸ்தம்பட்டி பிளஸ் ஒன்
வந்துடுச்சு சார். h = 4 எல்லாம் போடலாமா? சின்னதாத்தானே இருக்கணும்?

ஏற்காடு அடிவாரம்
பூஜ்ஜியம் மட்டும் கூடாது, 0/0 ஆயிடும். h எவ்வளவு பெரிசா இருந்தாலும் வர்றது அந்த இடைவெளியோட சராசரி மாறுவீதம், அவ்வளவுதான்.

சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறத்தாழ 1500. ரோடு 30 கி.மீ. என்று வெச்சுக்கிட்டா 1220/30, கிலோமீட்டருக்குச் சுமார் 41 மீட்டர் ஏத்தம். ஆனா அடிவாரம் வரைக்கும் பஸ் ஏறுறதே தெரியாது. ஏத்தமெல்லாம் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலைப்பாதையில்தான். h = 30 அதை மறைச்சிடும். பத்தாவது வளைவில் h = 0.1 எடுத்தா அங்கத்திய ஏத்தம் தெரியும். h மைனஸாவும் இருக்கலாம்: கீழ்ப்பக்கமா அளந்தா தொகுதி, பகுதி ரெண்டும் மைனஸ், வீதம் பிளஸ்தான்.

கன்னங்குறிச்சி டியூஷன்
அந்த மைனஸ் h-ஐ விட்டுடாதே தம்பி. |x|-க்கு x = 0-ல் போட்டுப் பாரு: |h|/h. h பிளஸ்னா 1, மைனஸ்னா −1. h-ஐப் பூஜ்ஜியத்துக்கிட்டக் கொண்டுபோனா வீதம் நெருங்குற ஒரே மதிப்புதான் வகைக்கெழு. இங்கே ரெண்டு பக்கமும் வேற வேற, அதனால அங்கே வகைக்கெழு கிடையாது.