அப்பாவின் அறிக்கையில் இருந்த 1.6

1994இல் அப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. பத்து நாள் கழித்துக் கைக்கு வந்த நோயியல் அறிக்கையின் கடைசி வரி: "அனூப்ளாய்டு, டி.என்.ஏ. குறியீட்டெண் 1.6". செல்லில் டி.என்.ஏ.வின் அளவு இயல்பிலிருந்து மாறியிருப்பதுதான் அனூப்ளாய்டு. 46 குரோமோசோம் உள்ள இயல்பான செல்லுக்கு அந்த எண் 1.0. அப்பாவின் கட்டியில் அதைவிட அறுபது சதவீதம் கூடுதல். இப்படிப்பட்ட கட்டி உள்ளவர்கள் அதிக நாள் இருப்பதில்லை என்று நூலகத்தில் ஒரு கட்டுரையில் படித்துவிட்டு வந்து மூன்று இரவு தூங்கவில்லை. அம்மாவிடம் சொல்லவும் மனம் வரவில்லை. விளக்கம் சொல்ல ஆளில்லாமல் அப்படி ஒரு எண்ணைக் குடும்பத்தின் கையில் கொடுப்பது கொடுமை.

மறுவாரம் அறுவை மருத்துவர் அறிக்கையை வாங்கி, அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். "இப்போது மேலே இருப்பதைப் படியம்மா" என்றார். எடுத்துப் பார்த்த 14 நிணநீர்க் கணுக்களில் ஒன்றிலும் புற்று இல்லை. கட்டியைச் சுற்றி வெட்டிய விளிம்பிலும் இல்லை. "நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்." அப்பா அதன்பின் 17 ஆண்டுகள் இருந்தார். போனது மாரடைப்பில்.

மேலே எழுதியவருக்கு:

அந்தக் கடைசி வரியை எழுதி அனுப்புகிற ஆய்வகம் ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மெழுகில் பதித்த திசுவை 50 மைக்ரான் தடிமனில் சீவி, சைலீனில் மெழுகைக் கரைத்து, பெப்சின் என்ற நொதியை விட்டுச் செல்களின் கருக்களைப் பிரித்தெடுப்போம். சாயம் ஏற்றி லேசர் ஒளிக்கு முன் ஒவ்வொன்றாக ஓடவிட்டால், உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வின் அளவுக்கு ஏற்ப அது ஒளிரும். திரையில் இயல்பான செல்களுக்கு ஒரு முகடு எழும். சில நாள் அதற்கு வலப்பக்கம், டி.என்.ஏ. கூடுதலாக உள்ள செல்களுக்கு இன்னொன்று மெல்ல எழும். எங்கள் அறையில் பேச்சு அடங்கிவிடும்.

பழைய மெழுகுத் திசுவிலும் அளக்கலாம் என்று 1983இல் ஹெட்லி என்ற ஆய்வாளரின் குழு காட்டிய பிறகு ஆய்வுகள் குவிந்தன. சிலவற்றில் இரண்டாம் முகடு கெட்ட சகுனமாகவே நின்றது. வேறு சிலவற்றில், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்த்ததும் அதன் வலு போய்விட்டது. தொடக்கக் கட்டப் பெருங்குடல், மலக்குடல் புற்றில் முன்கணிப்புக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2006இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமே சொல்லிவிட்டது.

எனக்கு அது வியப்பளிக்கவில்லை. ஒருமுறை ஒரே கட்டியின் நான்கு இடங்களிலிருந்து எடுத்த திசுவை ஓட்டினேன். மூன்றில் ஒற்றை முகடு. நான்காவதில் இரண்டு. மூன்றோடு நிறுத்தியிருந்தால் "டிப்ளாய்டு", அதாவது டி.என்.ஏ. அளவு இயல்பு, என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியிருப்பேன்.