52 புத்தகங்களும் ஒரு பொய்க்கணக்கும்

ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று சவால் எடுத்தவர்கள் உங்கள் கதையை எழுதுங்கள். பாதியில் மூட்டை கட்டியவர்களும் தயங்காமல் எழுதலாம். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட அதில் அதிகம் இல்லை.

நான் வைத்த இலக்கு 52. வாரத்துக்கு ஒன்று என்று சொல்லிக்கொள்ளக் கம்பீரமாக இருந்தது. ஜனவரி முதல் தேதியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். புத்தகம் சராசரியாக 250 பக்கம் என்றால் மொத்தம் 13,000 பக்கம், நாளொன்றுக்கு 36. பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இதுகூட முடியாதா என்ன?

முடிந்தது. பிப்ரவரி கடைசியில் ஒன்பது புத்தகம் முடித்திருந்தேன். சிக்கல் ஏப்ரலில் வந்தது. வெகுநாளாக வாசிக்க நினைத்திருந்த 900 பக்க நாவலைக் கையில் எடுத்தேன். எடுத்த கையோடு மனம் வகுத்தல் கணக்கில் இறங்கிவிட்டது: 36 பக்கம் வீதம் 25 நாள். அதற்குள் மூன்றரைப் புத்தகம் பின்தங்கிவிடுவேன். நாவலைத் திரும்ப அலமாரியில் செருகிவிட்டு, அதே தட்டில் இருந்த ஒல்லியான புத்தகங்கள் ஆறை உருவினேன். எல்லாம் நூறு பக்கத்துக்குள். வாசகனாக இருந்தவன் அன்று கணக்குப்பிள்ளை ஆனேன். புத்தகத்தின் முதுகைப் பார்த்துத் தடிமனை எடைபோடும் பழக்கம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

டிசம்பர் 30 அன்று 52 முடிந்தது. நான் பயன்படுத்திய செயலி வண்ணக் காகிதம் தூவி வாழ்த்தியது. நானும் அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பினேன்.

ஜனவரியில் நண்பர் ஒருவர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு 31ஆவது புத்தகம் எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கும் என்றேன். எதைப் பற்றியது என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினேன். 112ஆம் பக்க ஓரத்தில் என் கையெழுத்தில், பென்சிலால், ‘அபாரம்!’ என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். எது அபாரம் என்று எனக்கே பிடிபடவில்லை.

அடுத்த ஆண்டு எண்ணை ஓரம் கட்டிவிட்டு ஒரே விதி வைத்துக்கொண்டேன். புத்தகத்தை முடித்த மறுநாள், அதைத் திறக்காமல் ஐந்து வரி எழுத வேண்டும். எழுத வராவிட்டால் அது கணக்கில் இல்லை. அந்த 900 பக்க நாவல் ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை இழுத்தது. அதில் ஒரு பெரியவர் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புவார்; வாசல்வரை போனவர் திரும்பி வந்து, பூட்டிய கதவைத் திறந்து, தான் அடித்த ஒரு ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதற்கு ஐந்து வரி போதவில்லை, இரண்டு பக்கம் எழுதினேன். அந்த ஆண்டின் மொத்தம் 17.

* * *

கணக்குப்பிள்ளை என்றதும் என் ஞாபகம் வந்தது. நான் எடுத்த சவாலில் ஒரே புத்தகம்தான்: திருக்குறள், பரிமேலழகர் உரையுடன். 1330 குறளை நாளுக்கு நான்கு வீதம் வைத்தால் 333 நாள். நவம்பர் 29இல் முடிந்துவிடும், மிச்ச நாட்கள் காய்ச்சல் தலைவலிக்கு என்று ஒதுக்கியிருந்தேன்.

நான்கு என்று வைத்தது அசட்டுத்தனம். அதிகாரத்துக்குப் பத்துக் குறள். ஆகவே இரண்டரை நாளுக்கு ஓர் அதிகாரம். ஒரு நாள் விட்டால் மறுநாள் நடுவில் தொடங்க வேண்டும். முந்தைய நாள் எதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பின்னால் போய்ப் பார்ப்பதிலேயே பாதி நேரம் போகும். உரையோ அவசரத்துக்கு மசிகிற உரை அல்ல. ஒரு சொல் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்க, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அறத்துப்பாலின் 380 குறளும் 95ஆவது நாள், அதாவது ஏப்ரல் 5இல் முடிந்திருக்க வேண்டும். அதன் கடைசி அதிகாரத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது ஜூலை பிறந்துவிட்டது. அந்த அதிகாரத்தின் பெயர் ‘ஊழ்’. அன்று வாய்விட்டுச் சிரித்தேன். நாட்கணக்கைக் கிழித்துப் போட்டேன். இப்போது இரண்டாவது ஆண்டு நடக்கிறது, பொருட்பாலில் இருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள்.

* * *

நான் கள்ளக்கணக்கு எழுதியவள். பெரியோர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அது ஒரு புத்தகமா, ஐந்தா?

நான் ஐந்து என்று எழுதினேன். அந்த ஆண்டு என் இலக்கு 20. ஆகஸ்டில் நான்கில் ஒரு பங்கு ஒரே மூச்சில் நிரம்பிவிட்டது. என் அக்கா அதை ஒன்று என்று எழுதியிருந்தாள். இருவரும் ஒரே பிரதியைத்தான் மாற்றி மாற்றி வாசித்தோம், அதனால் சண்டை பெரிதாகிவிட்டது. “தனித்தனி அட்டை இருக்கிறதே” என்பது என் வாதம். “ஒரு பாகத்தோடு நிறுத்திவிட்டு நீ தூங்கிவிடுவாயா?” என்பது அவள் வாதம். அவள் கேட்டது நியாயம்தான். முதல் பாகத்தை இரவு ஒரு மணிக்கு முடித்துவிட்டு, அடுத்த பாகத்துக்காக அவள் அறைக் கதவைத் தட்டியவள் நான்.

பிறகு தோன்றியது: அது 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் வாராவாரம் தொடராக வந்த கதை. அப்படி வாசித்தவர்களுக்கு இந்தச் சவால் இருந்திருந்தால் எந்த ஆண்டுக் கணக்கில் எழுதியிருப்பார்கள்?

* * *

காதால் கேட்ட புத்தகங்களைச் சேர்க்கலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள். எனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதம் அச்செழுத்து ஆகாது என்றார்கள். அந்த நான்கு மாதமும் ஒலிநூல்தான். பதினொரு புத்தகம் கேட்டேன். “அது வாசிப்பு இல்லையே, ஏமாற்று அல்லவா?” என்றார் உடன் வேலை பார்ப்பவர் ஒருவர். அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: கேட்கும்போது வர்ணனையைத் தாவிப் போக முடியாது. மழையை மூன்று பக்கம் எழுதியிருந்தால் மூன்று பக்கமும் நனைந்தே ஆக வேண்டும். கண்ணால் வாசித்த காலத்தில் எத்தனை மழையைத் தாண்டிக் குதித்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஒரு குறை உண்டு. கேட்ட பெயர்களை எழுதத் தெரியாது. ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் வரும் ஆறு பாத்திரங்களின் பெயரை இன்றும் என் காதுக்கு விழுந்தபடிதான் எழுதுவேன்.

* * *

நான் 30 என்று தொடங்கி நான்கில் நின்றவன். அந்த ஆண்டு அப்பா படுத்துவிட்டார். பையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும்; மருத்துவமனை வராண்டாவில் உட்கார்ந்து திறப்பேன். ஒரே பத்தியில் கண் ஓடிக்கொண்டிருக்கும். நாளுக்கு ஒருமுறை செயலியிலிருந்து தகவல் வரும், நீங்கள் இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று. ஒன்பது, பத்து, பதினொன்று. ஒரு நாள் அதை அழித்துவிட்டேன்.

அப்பா தேறி வீட்டுக்கு வந்தபின் அந்தப் புத்தகத்தை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இருவரும் சேர்ந்து முடித்த அதுதான் அந்த நான்காவது. நடுவில் தூங்கிவிடுவார், எழுந்து “அவன் கடிதத்தைக் கொடுத்தானா இல்லையா?” என்பார். நான் பின்னால் போய் மறுபடி வாசிப்பேன். அந்த வேகத்தில் ஆண்டுக்கு 30 எங்கே முடியும்.

முதலில் எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி: அந்த 52இல் எத்தனை உண்மையில் மிச்சம்?

* * *

கேட்டீர்கள் என்று நேற்று இரவு பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து வரி எழுத முடிகிறவற்றுக்கு மட்டும் பென்சிலால் குறி போட்டேன். 14. இன்னும் ஏழெட்டில் அட்டைப் படம் நினைவிருக்கிறது, உள்ளே இருந்தது இல்லை.

ஐந்து பாகக் கேள்விக்கு என் தீர்ப்பு அக்கா பக்கம். ஒலிநூல் கேட்டவருக்கு, தாராளமாகச் சேருங்கள். நான் தாண்டிய மழைகளுக்கு என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

31ஆவதை மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். இப்போது 64ஆம் பக்கத்தில் இருக்கிறேன். 112க்கு இன்னும் வரவில்லை.